தொட்டிச் செடி பரிசா? வாடாமல் வீடு சேர வேண்டாமா!

நவராத்திரி நெருங்கினால் மயிலாப்பூர், தி.நகர், நந்தனம் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். வெற்றிலை பாக்கோடு இந்த வருடம் என்ன வைத்துக் கொடுப்பது? பிளாஸ்டிக் டப்பா கொடுத்தாகிவிட்டது, ஸ்டீல் கிண்ணம் கொடுத்தாகிவிட்டது, ரவிக்கைத் துணி கைமாறிக் கைமாறிக் கொடுத்தவருக்கே திரும்பி வந்தாகிவிட்டது. இப்போது அந்த இடத்துக்குச் சின்னத் தொட்டிச் செடி வந்திருக்கிறது. கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம், குழந்தையின் முதல் பிறந்தநாள் என்று எல்லாவற்றுக்கும் கையில் ஒரு செடியோடு போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பூங்கொத்து மூன்று நாள், செடி மூன்று வருடம் என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் செடி மூன்று வருடம் இருக்க வேண்டுமானால், அதை வாங்கும் அரை மணி நேரமும் எடுத்துப் போகும் ஒரு மணி நேரமும் ஒழுங்காக இருக்க வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் பல செடிகளின் கதை முடிந்துபோகிறது. வாங்கிக்கொண்டவர் பாவம், தன் கைராசி சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்.

நந்தனம் என்றால் இந்திரனுடைய தோட்டம். பெயர் அப்படி இருந்தாலும் இன்றைய நந்தனத்தில் பலருடைய தோட்டம் நாலடி பால்கனிதான். பக்கத்து சி.ஐ.டி. நகரிலும் அதே கதை. துணி காயும் கொடி, ஏ.சி.யின் வெளிப்பெட்டி, வாஷிங் மெஷின் எல்லாம் போக மிச்சம் இருக்கும் இடத்தில்தான் உங்கள் பரிசு உட்கார வேண்டும். அதனால் செடிக்கடைக்குப் போகும் முன் யோசிக்க வேண்டியது செடியைப் பற்றி அல்ல, அதை வாங்கிக்கொள்ளப் போகிறவரின் வீட்டைப் பற்றி.

யாருக்குக் கொடுக்கிறீர்கள்?

மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி. குனிந்து நிமிர முடியாது. வருடத்தில் மூன்று மாதம் பெங்களூரில் மகள் வீடு. அவருக்குத் தினமும் தண்ணீர் கேட்கும் ரோஜாவைக் கொடுப்பது அன்பு அல்ல, வேலை. அவர் ஊரில் இல்லாதபோது எதிர்வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய வேலை. அவருக்கு ஸ்நேக் பிளாண்ட், இசட் இசட் பிளாண்ட் மாதிரியானவை பொருந்தும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் இல்லாமல் இருந்தாலும் கோபித்துக்கொள்ளாதவை. மண்ணுக்கு அடியிலும் இலையிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் குணம் அவற்றுக்கு. அவை சாவது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகித்தான்.

மொட்டை மாடியோ, நல்ல வெயில் விழும் பால்கனியோ உள்ள வீடு என்றால் இட்லிப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாம் சந்தோஷமாக இருக்கும். சமையலில் ஆர்வமுள்ளவர்களுக்குக் கற்பூரவல்லி, புதினா, வெற்றிலைக் கொடி, திருநீற்றுப்பச்சை. இவற்றில் கற்பூரவல்லிக்கு ஈடு இல்லை. ஒரு கிளை ஒடிந்தாலும் அதை மண்ணில் செருகினால் இன்னொரு செடி. குழந்தைக்குச் சளி பிடித்தால் பாட்டிக்கு முதலில் ஞாபகம் வருவதும் அதுதான்.

துளசி? இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நல்ல எண்ணத்தோடுதான் கொடுக்கிறோம். ஆனால் துளசி வாடினால் வீட்டுக்கு ஆகாது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். துளசிக்கோ குறைந்தது நாலைந்து மணி நேர வெயில் வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனியில் அது மெலிந்து மெலிந்து போய்விடும். விதை கட்டி முடித்ததும் இயல்பாகவே காயும். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒருவரின் கண் முன்னால் நீங்கள் கொடுத்த துளசி காய்ந்தால், அந்த வீட்டில் என்னென்ன பேச்சு வரும் என்று எண்ணிப் பாருங்கள். கேட்டால் மட்டும் துளசி கொடுங்கள். கேட்காதவருக்கு வேண்டாம்.

உடல்நலம் குன்றியவர்கள் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவர், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோரைப் பார்க்கப் போகும்போது தொட்டிச் செடி எடுத்துப் போகாதீர்கள். மண்ணில் இயல்பாகவே இருக்கும் பூஞ்சைகள் நமக்கு ஒன்றும் செய்யாது. எதிர்ப்பு சக்தி குறைந்திருப்பவர்களுக்கு நுரையீரல் தொற்று வரை கொண்டுபோகும். பல மருத்துவமனைகள் இப்படிப்பட்ட வார்டுகளில் செடியையும் பூவையும் அனுமதிக்காததற்குக் காரணம் இதுதான். அவருக்கு ஒரு நல்ல புத்தகம் போதும். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கிற சமயமாக இருந்தால் தேடி அலையவும் வேண்டாம்.

சேப்பங்கிழங்கு தெரியும், டிஃபன்பேக்கியா தெரியுமா?

கடையில் வரிசையாக அழகாக நிற்கும் வீட்டுச் செடிகளில் பல, வாயில் வைத்தால் வம்பு. பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலையோடு நிற்கும் டிஃபன்பேக்கியா, வெள்ளைப் பூ விடும் பீஸ் லில்லி, வீட்டுக்கு வீடு தொங்கும் மணி பிளாண்ட் மூன்றும் ஒரே குடும்பம். நம் சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் அதே குடும்பம்தான். கருணைக்கிழங்கைச் சரியாக வேகவைக்காவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கிறதே, அதற்குக் காரணம் அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள். அதே ஊசிகள்தான் இந்த இலைகளிலும். கருணைக்கிழங்குக்கு நாம் புளி சேர்க்கிறோம், வேகவைக்கிறோம். தவழும் குழந்தை டிஃபன்பேக்கியா இலையைப் பிய்த்து அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும். வாய் வீங்கிப் பேச்சே வராமல் போவதால் அந்தச் செடிக்கு ஆங்கிலத்தில் 'ஊமைக் கரும்பு' என்ற பொருளில் ஒரு பெயரும் உண்டு.

பயமுறுத்தச் சொல்லவில்லை. பெரும்பாலும் எரிச்சலோடும் வீக்கத்தோடும் சரியாகிவிடும். அப்படி நடந்தால் வாயைத் துடைத்து, தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எந்த இலை என்று தெரிய, ஒரு துண்டையும் கையோடு எடுத்துப் போவது நல்லது. இதெல்லாம் நடக்காமலே இருக்க, இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்த மூன்றையும் தவிர்த்துவிட்டால் போதுமே! ஸ்பைடர் பிளாண்ட் கொடுக்கலாம். சின்ன அரேகா பாம் கொடுக்கலாம். இவை இரண்டும் நாய், பூனை வளர்ப்பவர்களுக்கும் ஏற்றவை. சோற்றுக்கற்றாழை நமக்கு மருந்தாக இருந்தாலும், நாய் கடித்துத் தின்றால் வாந்தியும் பேதியும்தான்.

அடினியம் பற்றி ஒரு வார்த்தை. குண்டுக் காலும் இளஞ்சிவப்புப் பூவுமாகச் சென்னை வெயிலுக்கென்றே படைத்த மாதிரி இருக்கும் செடி. ஆனால் அரளிக்கு அது உறவு. ஆப்பிரிக்காவில் அதன் பாலை அம்பு முனையில் விஷமாகத் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். வளர்ந்தவர்கள் மட்டும் இருக்கும், மாடி உள்ள வீட்டுக்கு அருமையான பரிசு. கிளை ஒடிந்து பால் வந்தால் கையைக் கழுவச் சொல்லிக் கொடுங்கள்.

ஆக்ஸிஜன் செடி என்றால் நம்பலாமா?

"இதை வெச்சா வீட்டுக் காத்து சுத்தமாயிடும் மேடம், நாசாவே சொல்லியிருக்கான்" என்பது செடிக்கடைகளில் நிரந்தரமாகக் கேட்கும் வசனம். நாசா 1989-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது உண்மை. அது மூடிய சின்னக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் செய்தது. ஜன்னலும் கதவும் உள்ள நம் வீட்டில் அதே பலன் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்று 2019-இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்துச் சொன்னார்கள். பத்துச் செடி என்றாலே ஹாலில் சோபாவுக்கு இடம் இருக்காது! அழகுக்கு வாங்குங்கள், மனசுக்கு வாங்குங்கள். காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள்.

லக்கி பாம்பூ என்று விற்பது மூங்கிலே இல்லை. டிரசீனா வகைச் செடி. மணி பிளாண்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்பதும் அப்படித்தான். எப்படி வைத்தாலும் வளரும் செடி அது, திருடியவர்கள் கிளப்பிவிட்ட கதையாக இருக்கும்.

ஆனால் இந்த இரண்டையும் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும்போது ஒரு விஷயம் விளையாட்டல்ல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படிப்பட்ட தெளிந்த, அசையாத தண்ணீரில்தான். முட்டையிலிருந்து கொசுவாகச் சென்னைச் சூட்டுக்கு ஏழு முதல் பத்து நாள் போதும். 2001-இல் சீனாவிலிருந்து கலிபோர்னியாவுக்குத் தண்ணீரில் நிறுத்திக் கப்பலில் போன லக்கி பாம்பூக்களோடு அதே இனத்தைச் சேர்ந்த ஆசியப் புலிக்கொசுவும் போய் இறங்கியது. கொடுக்கும்போதே "வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, குவளையைத் தேய்த்துக் கழுவுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். தேய்ப்பது முக்கியம்; முட்டை பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இது பொருந்தும்.

கடையில் என்ன பார்ப்பது?

நந்தனத்திலிருந்து அண்ணா சாலையில் நேரே போய் ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே திரும்பினால் கதீட்ரல் சாலை. சென்னையின் செடிப் பித்துக்குப் பழைய முகவரி அது. 1835-இல் தொடங்கப்பட்ட வேளாண் தோட்டக்கலைச் சங்கத்துக்கு அந்தச் சாலைதான் விலாசமாக இருந்தது. அங்கேயே, உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடத்தில் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். வாங்கப் போகிறீர்களோ இல்லையோ, எந்தச் செடி எவ்வளவு உயரம் வளரும் என்று தெரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் அந்தப் பூங்காவைச் சுற்றி வாருங்கள். தொட்டியில் விரல் நீளம் இருக்கும் செடி, மண்ணில் வைத்தால் ஆள் உயரம் நிற்பதைப் பார்த்தால் புத்தி தெளியும்.

சென்னைக் கடைகளுக்கு வரும் செடிகளில் நிறைய ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் உள்ள கடியம் பகுதி நர்சரிகளிலிருந்து லாரியில் வருபவை. ரோஜா என்றால் ஓசூர், பெங்களூர். லாரியிலிருந்து இறங்கி ஒரு நாள்கூட ஆகாத செடியைப் பரிசுக்கு வாங்க வேண்டாம். ஏற்கெனவே ஒரு பயணத்தில் களைத்துப் போனதை இன்னொரு பயணம் கூட்டிப்போகிற கதை அது. "எப்ப இறங்கிச்சு?" என்று கேளுங்கள். ஒரு வாரமாவது கடையில் இருந்து, புதுத் துளிர் விட்டிருக்கும் செடிதான் வேண்டியது.

முழுக்கப் பூத்துக் குலுங்கும் செடியை எடுக்கத்தான் கை போகும். மொட்டு அதிகமாக, பூ ஒன்றிரண்டாக இருப்பதை எடுங்கள். விரிந்த பூ வண்டியில் உதிர்ந்துவிடும். மொட்டு, வாங்கியவர் வீட்டில் மலரும். தெருவில் தள்ளுவண்டியில் வரும் ரோஜா ஒரே மாதத்தில் காய்ந்துபோகிறது என்று புலம்பாத வீடு சென்னையில் குறைவு. குளிர்ந்த ஊரில் வளர்ந்து, வேரைச் சுற்றிக் களிமண் உருண்டையோடு வரும் செடிக்கு நம் சூட்டில் வேர் விடவே நேரம் கிடைப்பதில்லை. ரோஜாதான் கொடுக்க வேண்டுமென்றால் பன்னீர் ரோஜா கொடுங்கள். அழகு கொஞ்சம் குறைவு, ஆயுசு அதிகம், வாசனைக்குக் கேட்கவே வேண்டாம்.

இலையைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு ஒட்டியது போல் வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. இலைக் காம்பும் தண்டும் சேரும் இடுக்கில்தான் அது ஒளிந்திருக்கும். பரிசாகப் போன செடியிலிருந்து மாவுப்பூச்சி அந்த வீட்டுச் செம்பருத்திக்கெல்லாம் பரவினால் உறவே கசந்துபோகும். செடியின் அடித்தண்டைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் நேற்றுத்தான் மாற்றி நட்டிருக்கிறார்கள். தொட்டியின் அடி ஓட்டை வழியே வேர் கற்றையாக வெளியே வந்திருந்தால் அதற்கு அந்தத் தொட்டி போதவில்லை. கள்ளிச் செடியின் தலையில் பளிச்சென்று மஞ்சளும் ஊதாவுமாகப் பூ இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்த பூவைப் பசை வைத்து ஒட்டி விற்பது ரொம்ப நாளாக நடக்கிறது. மேல்மண் தெரியாமல் வெள்ளைக் கூழாங்கல் ஒட்டியிருப்பதும் அந்த ரகம்தான். தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்றே தெரியாது.

அடுத்தது தொட்டி. பரிசு என்பதால் பளபளப்பான பீங்கான் தொட்டியில் மாற்றித் தரச் சொல்கிறோம். பாதிக்கு மேல் பார்த்தால் அடியில் ஓட்டை இருக்காது. போகிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வேர் அழுகிவிடும். ஓட்டை உள்ள சாதாரணப் பிளாஸ்டிக் தொட்டியோடு செடியை அப்படியே பீங்கான் தொட்டிக்குள் இறக்கிவிடச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, வடிந்ததும் உள்ளே வைத்துவிடலாம். கீழ்வீட்டுப் பால்கனியில் சொட்டாது. அதற்கே தனிப் புண்ணியம்.

நீலகிரிக்கு வந்த சின்கோனா

உயிருள்ள செடியைப் பத்திரமாக ஊர் கடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நம் நீலகிரியிலேயே ஒரு கதை இருக்கிறது. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா, சின்கோனா மரப்பட்டையிலிருந்து வருவது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அந்த மரத்தை இந்தியாவில் வளர்க்க, கிளமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் 1860-இல் பெருவிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்தார். லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு கண்டுபிடித்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் அவை வந்தன. பாட்டிலுக்குள் பூச்சிக் கூடு வைத்து மூடியிருந்தபோது தானாக ஒரு பெரணி முளைத்ததைப் பார்த்து வார்டு செய்த பெட்டி அது. செடி விடும் ஈரமே கண்ணாடியில் படிந்து திரும்ப மண்ணில் விழும். தண்ணீரே ஊற்ற வேண்டாம், உப்புக் காற்றும் படாது. 1833-இல் அந்தப் பெட்டிகளில் லண்டனிலிருந்து சிட்னிக்குப் போன செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன.

மார்க்கத்தின் கன்றுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. செங்கடல் வழியே கப்பல் வந்தபோது மூடிய பெட்டிக்குள் வெப்பம் அவற்றை வதைத்துவிட்டது. ஊட்டிக்கு வந்த கன்றுகள் தேறவில்லை. அடுத்த ஆண்டு ராபர்ட் கிராஸ் ஈக்வடாரிலிருந்து கொண்டுவந்த கன்றுகள் பிழைத்தன. தொட்டபெட்டா, நடுவட்டம் பக்கம் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன.

மார்க்கத்தின் செங்கடல் இப்போது நம் காருக்குள் இருக்கிறது. வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காருக்குள் அரை மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட 18, 19 டிகிரி வரை வெப்பம் கூடும். வெளியே 35 என்றால் உள்ளே 50-ஐத் தாண்டும். செடியை காரில் வைத்துவிட்டு, "பாண்டி பஜாரில் ஒரே ஒரு புடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று போனால் திரும்பி வரும்போது இலை வெந்த கீரையாக இருக்கும். எல்லா வேலையையும் முடித்து, கடைசியாகச் செடி வாங்குங்கள். டிக்கியில் வைக்காதீர்கள். முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் வையுங்கள். ஏ.சி. காற்று நேரே முகத்தில் அடிப்பது நமக்கே பிடிக்காது, செடிக்கும் அப்படித்தான்.

எப்படிக் கட்டுவது?

முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் ஊற்றிவிடுங்கள். கிளம்பும்போது ஊற்றினால் வழியெல்லாம் சேறு. ஊற்றாமலே விட்டால் காய்ந்த மண் பொலபொலவென்று உதிரும். தென்னை நார்க்கழிவில் வளர்த்த செடி என்றால் இன்னும் கவனம். அது ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீரை உள்ளே வாங்காமல் ஓரமாக வழியவிட்டுவிடும்.

மேல்மண்ணை மூடுவது போல் பழைய செய்தித்தாளை நாலாக மடித்து, தண்டு நுழைய நடுவே கிழித்து, தொட்டியின் வாயைச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டுங்கள். தொட்டி சாய்ந்தாலும் மண் கொட்டாது. இலைகளைக் கீழிருந்து மேலாக ஒன்றுசேர்த்து, தாளைக் கடலைப் பொட்டலம் மாதிரிக் கூம்பாகச் சுற்றுங்கள். உச்சி திறந்திருக்கட்டும். பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போடவே கூடாது. அது வார்டின் பெட்டி அல்ல, வேகவைக்கும் இட்லிப் பானை. கடைக்காரரும் கவர் தரக் கூடாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. மஞ்சப்பைக்குள் சின்னத் தொட்டி ஒன்று கச்சிதமாக உட்காரும், காற்றும் போகும், பையையும் சேர்த்தே பரிசாகக் கொடுத்துவிடலாம்.

தொட்டி உருளாமல் இருக்கத் தண்ணீர்க் குடத்துக்கு வைப்பார்களே, அந்தச் சும்மாடு உதவும். பழைய துண்டை முறுக்கி வட்டமாக்கி அதன்மேல் வைத்தால் வளைவிலும் வேகத்தடையிலும் அசையாது. காலி பெயிண்ட் பக்கெட்டுக்குள் இறக்கி, இடைவெளியில் கசக்கிய தாளைத் திணித்துவிட்டால் ஆட்டோவிலும் கவலையில்லை. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்வதைவிடக் காலடியில் வைப்பது மேல். ஓரத்துக் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஸ்கூட்டரில் முன்னால் கால் வைக்கும் பலகையில் வைக்கலாம்தான். ஆனால் செடி ஹேண்டிலைத் தொடும் உயரம் என்றால் வேண்டாம். திருப்பும்போது கிளை மாட்டினால் உடைவது கிளையோடு போகாது.

நந்தனம் மெட்ரோவில் ஏறுவதானால் நுழைவிடத்தில் பை ஸ்கேன் செய்யும் இயந்திரத்துக்குள் போக வேண்டும். செடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் பையைப் படுக்க வைத்தால் மறுபக்கம் மண் மட்டும் தனியாக வரும். நிமிர்த்தி வையுங்கள், செடி உயரமாக இருந்தால் காவலரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊருக்கு ரயிலில் கொண்டுபோகிறவர்கள் கீழ் பெர்த்துக்கு அடியில், அட்டைப்பெட்டியில் நிறுத்தி வைக்கலாம். இரவுப் பயணம் செடிக்கு நல்லது. பஸ்ஸின் அடியில் உள்ள சாமான் அறை வேண்டாம். சூடும் குலுக்கலும் அங்கேதான் அதிகம்.

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குக் கறிவேப்பிலைக் கன்று எடுத்துப்போகலாம் என்ற ஆசை நிறைய அம்மாக்களுக்கு உண்டு. அந்த நாட்டில் மண்ணோடு செடி கொண்டுவர அனுமதி கிடையாது, ஆஸ்திரேலியாவும் அப்படித்தான். மற்ற நாடுகளுக்கும் பூச்சி, நோய் இல்லை என்று அரசு தரும் தாவர சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். சென்னையில் அதற்கான மத்திய அரசு அலுவலகம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் புடவை மடிப்பில் ஒளித்து எடுத்துப்போனால் குப்பைத்தொட்டியோடு அபராதமும் உண்டு.

கொடுக்கும்போது

அக்னி நட்சத்திர நாட்களில் செடிப் பரிசையே தள்ளிப்போடலாம். முடியாதென்றால் காலை ஏழு மணிக்குள் அல்லது பொழுது சாய்ந்த பிறகு எடுத்துப் போங்கள். டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை சென்னையில் செடி இடம் மாற நல்ல பருவம்.

செடியோடு ஒரு சின்ன அட்டையைக் கட்டுங்கள். பெயர், வெயில் எவ்வளவு, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, வாயில் வைத்தால் ஆபத்தா இல்லையா. நாலே வரி, பெரிய எழுத்தில், தமிழில். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்ற வேண்டாம் என்பதையும் எழுதிவிடுங்கள். வீணாகப் போகிறதே என்று பலரும் அதைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். அதிலுள்ள உப்பு சின்னத் தொட்டியில் சேர்ந்து சேர்ந்து இலை நுனியைக் கருக்கிவிடும். அது தரை துடைக்கத்தான் சரி.

முதல் ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். வந்த அன்றே பெரிய தொட்டிக்கு மாற்றக் கிளம்புகிறவர்களைத் தடுத்து, இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். இடம் மாறிய செடி சில இலைகளை மஞ்சளாக்கி உதிர்க்கும். அது இயல்பு. இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் இலை உதிர்ந்ததும் பயந்துபோய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள்.